பழைய ரிம்ஃபயர் தோட்டாக்கள்: வடசென்னை வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் விடைகளும்

போகிக்கு முந்தைய இரண்டு வாரங்களில், பரணை ஒழித்து வெள்ளையடிக்கும் வேலை ஆரம்பமானதும், இந்தக் கேள்விகள் என்னிடம் வரத் தொடங்கிவிடும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பின்னி ஆலையில் வேலை பார்த்தவர்களின் வாரிசுகள், தண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் பழைய வீட்டை விலைக்கு வாங்கியவர்கள் எனப் பலரும், ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் துருப்பிடித்த துப்பாக்கியையோ பச்சை படிந்த தோட்டாக்களையோ கண்டுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று கேட்கிறார்கள். உரிமம் பெற்ற கடை ஒன்றின் பழுதுபார்க்கும் பட்டறையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் துப்பாக்கியைக் கண்டு அஞ்சுகிறார்கள். தோட்டாவை விளையாட்டுப் பொருளாக எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் சிக்கலைக் கொண்டுவருவது பெரும்பாலும் தோட்டாதான்.

ரிம்ஃபயர் தோட்டா என்பது என்ன?

தோட்டாவின் அடிப்பாகத்தில் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் உட்புற மடிப்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து வைக்கப்பட்டிருந்தால் அது ரிம்ஃபயர். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை ஓரிடத்தில் நசுக்கும்போது மருந்து பற்றி, உள்ளே இருக்கும் வெடிமருந்தை எரியச் செய்கிறது. இன்று பரவலாக உள்ள சென்டர்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் ஒரு சிறு குமிழாகத் தனியே பதிக்கப்பட்டிருக்கும். சுட்ட பிறகு அந்தக் குமிழை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். ரிம்ஃபயரில் அப்படிப் பிரித்தெடுக்க எதுவுமில்லை.

இதன் தொடக்கம் பாரிஸில். லூயி நிக்கோலா ஃப்ளோபேர் 1845 வாக்கில், வீட்டுக்குள்ளேயே குறிபார்த்துச் சுடும் பொழுதுபோக்குக்காக, தீப்பற்றும் மருந்தே வெடிமருந்தின் வேலையையும் செய்யும் 6 மி.மீ. தோட்டாவை உருவாக்கினார். அமெரிக்காவில் 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் முதலாம் மாடல் ரிவால்வருடன் .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது (எண் குண்டின் தோராயமான குறுக்களவு, அங்குலத்தில்). அந்தத் தோட்டா இன்றும் உற்பத்தியில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கும். நாம் துப்பாக்கி சுடும் மன்றங்களில் பார்க்கும் .22 லாங் ரைஃபிள் 1887இல் வந்தது. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் பயன்படுவதும் அதுவே.

என்னிடம் இருப்பது ரிம்ஃபயர்தானா என்று எப்படி அறிவது?

தோட்டாவைக் கையில் எடுக்காமல், இருக்கும் இடத்திலேயே அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் வட்டமான குமிழ் தெரிந்தால் சென்டர்ஃபயர். அடிப்பாகம் முழுவதும் ஒரே தகடாக வழவழப்பாக இருந்து, நடுவில் ஓர் எழுத்து மட்டும் பொறிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் ரிம்ஃபயர். பக்கவாட்டில் ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது பின்ஃபயர் என்ற மூன்றாவது வகை. அதைத் தொடவே வேண்டாம், ஏனெனில் அந்தக் கம்பியைத் தட்டினாலே போதும்.

துப்பாக்கியைப் பார்த்தும் சொல்லலாம். குதிரையின் (அடிக்கும் சுத்தியலின்) மூக்கோ ஊசியோ, தோட்டா அமரும் அறையின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழும்படி அமைந்திருந்தால் அது ரிம்ஃபயர் துப்பாக்கி. இதைச் சோதிக்கிறேன் என்று குதிரையை இழுத்து விசையை அழுத்திப் பார்க்காதீர்கள். அறைக்குள் நூறாண்டுப் பழைய தோட்டா ஒன்று அமர்ந்திருந்ததை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

பொறிக்கப்பட்ட எழுத்தும் சிறிது உதவும். ஆங்கிலத்தின் ‘எச்’ எழுத்து வின்செஸ்டர் நிறுவனத்துடையது. ஹென்றி ரைஃபிளை வடிவமைத்த பெஞ்சமின் டைலர் ஹென்றியின் நினைவாக அவர்கள் அதைப் பொறித்தார்கள். ‘யூ’ என்றால் யூனியன் மெட்டாலிக், ‘பி’ என்றால் பீட்டர்ஸ். எழுத்து செய்தவரைச் சொல்லுமே தவிர, அளவைச் சொல்லாது. ‘எச்’ எழுத்து .22இலும் உண்டு, .44 ஹென்றியிலும் உண்டு.

எந்தெந்த அளவுகள் வழக்கொழிந்துவிட்டன?

.22 குடும்பத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாமே என்று சொல்லிவிடலாம். 1860களில் ரிம்ஃபயர்தான் முன்னணியில் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பேர்பெற்ற ஹென்றி ரைஃபிளும் ஸ்பென்ஸர் ரைஃபிளும் ரிம்ஃபயரே. வின்செஸ்டர் 1866 மாடலும் .44 ஹென்றி தோட்டாவையே சுட்டது. சுவிட்சர்லாந்து ராணுவம் 1869 மாடல் வெட்டர்லி ரைஃபிளுக்கு 10.4 மி.மீ. ரிம்ஃபயரை ஏற்றது. ரெமிங்டன் 1866 முதல் 1935 வரை செய்த இரட்டைக்குழல் டெரிஞ்சர் என்ற சிறு கைத்துப்பாக்கி .41 ஷார்ட்டைச் சுட்டது. இவை போக .25 ஸ்டீவன்ஸ் (1900 முதல் 1942 வரை), .32 ஷார்ட், .32 லாங், .38 எனப் பல அளவுகள் இருந்தன.

இவை மறைந்ததற்குக் காரணம் அந்த விளிம்பே. ஊசியால் நசுங்க வேண்டுமானால் விளிம்பின் தகடு மெல்லியதாக இருந்தாக வேண்டும்; மெல்லிய தகடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. புகையற்ற வெடிமருந்து வந்து அழுத்தம் உயர்ந்தபோது, அடிப்பாகம் தடித்த சென்டர்ஃபயர் தோட்டாக்கள் முன்னேறின. ரிம்ஃபயர் சிறிய அளவுகளுக்குள் ஒதுங்கிக்கொண்டது. வின்செஸ்டர் தன் 1873 மாடலை சென்டர்ஃபயராகவே கொண்டுவந்ததிலிருந்து காற்று எந்தப் பக்கம் வீசியது என்று தெரியும். மிச்சமிருந்த சிறு அளவுகளில் பலவற்றின் உற்பத்தியை இரண்டாம் உலகப்போர் நிறுத்தியது. போருக்குப் பிறகு அவற்றைத் திரும்பத் தொடங்க யாருக்கும் ஆர்வமில்லை.

வழக்கொழிந்தவை சில சமயம் மீண்டும் வருவதுண்டு. ரெமிங்டன் 1970இல் கொண்டுவந்து பின்னர் கைவிட்ட 5 மி.மீ. ரிம்ஃபயர் மேக்னத்தை 2008இல் மெக்சிகோவின் அகிலா நிறுவனம் மறுபடி செய்தது. .32 ரிம்ஃபயரை பிரேசிலின் சி.பி.சி. தொழிற்சாலை, அமெரிக்காவின் நேவி ஆர்ம்ஸ் நிறுவனத்துக்காகச் சில காலம் செய்து கொடுத்தது. 9 மி.மீ. ஃப்ளோபேர் ரவைத் தோட்டாவை இத்தாலியின் ஃபியோக்கி செய்துவருகிறது.

அளவுகளை அங்குலத்தில் சொன்னால் புரியவில்லை. மில்லிமீட்டரில் சொல்ல முடியுமா?

விளிம்பின் குறுக்களவை வைத்துத் தோராயமாகப் பிரிக்கலாம். .22க்கு விளிம்பு ஏறத்தாழ 7 மி.மீ.; .25 ஸ்டீவன்ஸுக்கு 8.5 மி.மீ.; .32க்கு 9.6 மி.மீ.; .41 ஷார்ட்டுக்கு 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு; .44 ஹென்றிக்கு 13 மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு பள்ளிக்கூட அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும். வெர்னியர் கருவியை விளிம்பில் வைத்து இறுக்கி அளப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தீப்பற்றும் மருந்து இருப்பது அந்த விளிம்பில்தான்.

என் தாத்தாவின் ரிவால்வரில் 32 என்று இருக்கிறது. கடையில் ‘32 போர்’ தோட்டா கிடைக்கிறதே, அது பொருந்தாதா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான் என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் ‘32 போர்’ என்றால் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலை செய்யும் ரிவால்வரோ பிஸ்டலோ நினைவுக்கு வரும். அந்த ரிவால்வரின் தோட்டா .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். பிஸ்டலின் தோட்டா வேறு. இரண்டுமே சென்டர்ஃபயர். பழைய அமெரிக்கச் சட்டைப்பை ரிவால்வரில் உள்ள .32 என்பதோ ரிம்ஃபயராக இருக்கலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த .320 ரிவால்வரும் தனி இனம். எண் ஒன்றே தவிர, தோட்டாவின் நீளம், குண்டின் குறுக்களவு, அறையின் வடிவம், தாங்கும் அழுத்தம் எல்லாம் வேறுவேறு.

ரிம்ஃபயர் ஊசி ஓரத்தில் அடிப்பதால் சென்டர்ஃபயர் தோட்டா வெடிக்காது, ஆகவே போட்டுப் பார்ப்பதில் ஆபத்தில்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வெடிக்காமல் போகலாம் என்பது உண்மை. ஆனால் இறுக்கமாகச் சிக்கிக்கொண்ட தோட்டாவைத் தட்டி எடுக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அறையில் நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று கொள்ளக் கூடாது.

பழைய ஃப்ளோபேர் துப்பாக்கியில் இன்றைய .22 தோட்டா நன்றாகவே உட்காருகிறது. சுடலாமா?

கூடாது. இதற்கு விதிவிலக்கு எதையும் நான் தர மாட்டேன். ஃப்ளோபேர் வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் பின்புறத்தைப் பூட்டும் அமைப்பே கிடையாது. குதிரையின் எடையும் வில்லின் (ஸ்பிரிங்கின்) இறுக்கமும் மட்டுமே தோட்டாவைப் பிடித்து நிற்கின்றன. வெடிமருந்தே இல்லாத சிறு தோட்டாவுக்கு அது போதும். இன்றைய .22 லாங் ரைஃபிளுக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தகடு கிழிந்தால் வாயு பின்னோக்கி வரும். பின்னால் இருப்பது உங்கள் கண்.

1930க்கு முன் செய்யப்பட்ட பல நல்ல .22 ரைஃபிள்களுக்கும் இதே எச்சரிக்கை ஓரளவு பொருந்தும். அதிவேகத் தோட்டாக்கள் அந்த ஆண்டளவில்தான் சந்தைக்கு வந்தன. அதற்கு முந்தைய இரும்பு, கருமருந்து எனப்படும் புகை கக்கும் பழைய வெடிமருந்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

சுட்ட தோட்டாக்கூட்டை மறுபடி நிரப்ப முடியாதா?

முடியாது என்பதே நடைமுறையான விடை. ஊசி விளிம்பை நசுக்கியதும் அந்த இடம் மடிந்து போகிறது. தீப்பற்றும் மருந்தை விளிம்பின் மடிப்புக்குள் சுழற்றிப் பரப்புவது தொழிற்சாலையின் வேலை. அந்த மருந்து கையாளுபவரின் விரல்களை எடுத்துவிடக்கூடிய இனம். இதைச் செய்ய முயன்று கையை இழந்தவர்களைப் பற்றித் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். நம் நாட்டிலோ, உரிமமின்றித் தோட்டா செய்வது கடுந்தண்டனைக்குரிய குற்றம். இந்தப் பகுதியில் வழிமுறை எதையும் நான் எழுதப்போவதில்லை. கேட்டு எழுத வேண்டாம்.

நூறாண்டுப் பழமையான துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டுமா?

இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்பவரை நம்பாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, துப்பாக்கியையும் தோட்டாவையும் உரிமமின்றி வைத்திருப்பதைத் தடுக்கிறது. 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே இயலாது என்ற நிலை இருக்க வேண்டும். ஒரு புதிய வில்லைப் போட்டால் சுடும் என்றால் அந்த விலக்கு கிடைக்காது. பலர் ‘தொன்மை’ என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி, அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் பெறவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்றது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தவோ கொண்டுசெல்லவோ உரிமம் தேவை; உரிமத்தில் அந்தத் துப்பாக்கி பதியப்படாதவரை அதற்குத் தோட்டா விற்கக் கூடாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. உங்கள் பொருள் அந்த வகைக்குள் வருகிறதா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் உரிமம் வழங்கும் அதிகாரி காவல் ஆணையர், அலுவலகம் வேப்பேரியில். நகரின் வடக்கு ஓரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, 2022 முதல் சில பகுதிகள் ஆவடி ஆணையரகத்தின் கீழ் போய்விட்டன என்பதை. உள்ளூர் காவல் நிலையத்தில் முதலில் விசாரித்தால் இரண்டு பேருந்து மாறி அலையும் வேலை மிச்சம்.

தாத்தாவின் பெயரில் உரிமம் இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வழி உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டே. பரம்பரையாக வந்தாலும் அந்த வரம்பு தாண்டக் கூடாது.

துப்பாக்கி இல்லை, நான்கு தோட்டாக்கள் மட்டுமே இருக்கின்றன. அதற்குமா?

ஆம். 45ஆம் பிரிவின் அந்த விலக்கு பேசுவது ஆயுதத்தைப் பற்றி. இன்னும் சுடப்படாத தோட்டா பழையது என்பதால் மட்டும் அது தோட்டா இல்லாமல் போய்விடாது. தோட்டாவின் பாகங்களும் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனை 2019 திருத்தத்தால் உயர்ந்திருக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டுச் சிறை, அபராதமும் உண்டு. ஒருவர் தன்னிடம் அது இருப்பதை அறிந்தே வைத்திருந்தாரா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன என்பது உண்மை. ஆனால் நீங்கள் பரணில் பார்த்த அந்தக் கணத்திலிருந்து, அறியாமல் இருந்தேன் என்ற வாதம் வலுவிழக்கிறது. தாமதம் செய்யாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பையின் ஓரத்தில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால் பயணம் நின்றுபோனவர்கள் உண்டு. பழைய கோட்டையோ கைப்பையையோ அணிந்து கிளம்பும் முன், பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள்.

சரி, பரணில் கிடைத்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

குழந்தைகளை அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள். பொருளை அசைக்காமல் படம் எடுங்கள். தோட்டாக்கள் தகர டப்பாவில் குலுங்கிக்கொண்டிருந்தால் டப்பாவைத் தூக்கி ஆட்ட வேண்டாம். ரிம்ஃபயரில் விளிம்பு முழுவதுமே அடிபடக்கூடிய இடம், ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முனையில் மோதுவது நல்லதல்ல. பிறகு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, கண்டெடுத்த விவரத்தைச் சொல்லி, அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்களே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது இரண்டு வகையில் தவறு: வழியில் சோதனை நடந்தால் உங்கள் கையில் உரிமமற்ற தோட்டா, பேருந்து நெரிசலில் ஏதாவது நேர்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, நிபந்தனைகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. துப்பாக்கியும் இருந்தால், காவல் நிலையத்தை அழைப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது செலவில்லாத எச்சரிக்கை.

செய்யக் கூடாதவை மூன்று, மூன்றுமே நம் பக்கத்தில் நடந்தவை: காயலான் கடையில் எடைக்குப் போடுவது, குப்பையோடு குப்பையாகக் கொடுங்கையூருக்கு அனுப்புவது, போகித் தீயில் போடுவது. தீயில் விழுந்த தோட்டா குழலுக்குள் இருப்பதுபோல் குண்டைப் பாய்ச்சாது என்றாலும், கிழிந்த தகட்டுத் துண்டு கண்ணைப் பறிக்கும் வேகத்தில் வரும்.

மூர் மார்க்கெட்டில் அந்தக் காலத்தில் தோட்டாவெல்லாம் கிடைத்ததாம். இப்போது எங்கே தேடுவது?

மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. அங்கே என்னென்ன கிடைத்தது என்ற பட்டியல் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே வருகிறது. அது எதுவாயினும், இன்று விடை எளிது. உரிமத்தில் பதியப்பட்ட துப்பாக்கிக்கு, அந்த அளவுக்குரிய தோட்டாவை, உரிமம் பெற்ற கடையில் மட்டுமே வாங்கலாம். .22ஐத் தவிர்த்த பழைய ரிம்ஃபயர் அளவுகளை எந்தக் கடையும் அடுக்கில் வைத்திருப்பதில்லை. நடைபாதையிலோ இணையத்திலோ ஒருவர் தருகிறேன் என்றால் அவர் உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கிறார் என்று பொருள். அஞ்சலிலும் கூரியரிலும் வெடிபொருள் அனுப்பத் தடை உண்டு. ஆகவே நம் ஊரில் இந்தத் துப்பாக்கிகளைச் சுடும் கனவு இங்கேயே முடிகிறது. பார்க்க ஆசைப்படுவோருக்குக் கோட்டை அருங்காட்சியகமும், தஞ்சை அரண்மனையின் ஆயுதங்கள் வந்து சேர்ந்த எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் இருக்கின்றன.

நான் ராயபுரத்துக்காரன், இப்போது பென்சில்வேனியாவில் இருக்கிறேன். வின்செஸ்டர் 1866 ஒன்றை ஏலத்தில் வாங்கியிருக்கிறேன். அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. தோட்டா எப்படித் தேடுவது?

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைத் தொன்மைப் பொருளாகக் கருதி விலக்கு அளிக்கிறது; மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், அதைத் தனியே பாருங்கள். பர்மிங்காமில் இருந்து கேட்கும் நண்பர்களுக்கு: பிரிட்டனிலும் வழக்கொழிந்த ரிம்ஃபயர் அளவுகளுக்கு அரும்பொருள் என்ற முறையில் விலக்கு உண்டு, .22, 9 மி.மீ. போன்றவை அதில் சேரா. ஆனால் அங்கே சுட எண்ணித் தோட்டாவுடன் வைத்துக்கொண்டால் அந்த விலக்கே போய்விடும்.

தேட வேண்டிய இடங்கள் தோட்டாச் சேகரிப்பாளர்களின் கூட்டங்களும், பழைய ஆயுத ஏலங்களும், துப்பாக்கிக் கண்காட்சிகளின் ஓரத்து மேசைகளும். முழுப் பெட்டியாகக் கிடைத்தால் அது சேகரிப்புப் பொருள். திறந்து சுட்டால் தோட்டாவின் மதிப்பும் பெட்டியின் மதிப்பும் ஒன்றாகப் போகும். பெட்டி இழந்த ஒற்றைத் தோட்டாக்கள்தான் சுடுபவர்களின் பங்கு. வாங்கும்போது குண்டு தளர்ந்து ஆடுகிறதா, கூட்டில் வெடிப்பு இருக்கிறதா, வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய தீப்பற்றும் மருந்தில் இருந்த பாதரசம் பித்தளையை நொறுங்கும்படி செய்துவிடுகிறது. வெளியே பளபளப்பாக இருப்பதும் உள்ளே உடைந்துபோனதாக இருக்கலாம்.

கிடைத்த பழைய தோட்டாவைச் சுடுவது பாதுகாப்பானதா?

.44 ஹென்றியின் வணிக உற்பத்தி 1930களோடு நின்றது. நீங்கள் சுடப்போவது குறைந்தது தொண்ணூறு வயதான ஒன்று. பல தோட்டாக்கள் பற்றாது. அதைவிட அஞ்ச வேண்டியது, விசையை அழுத்தியதும் ஒன்றும் நடக்காமல் சில நொடி கழித்து வெடிப்பது. பற்றாத தோட்டாவுக்குப் பிறகு குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். உடனே திறந்து எட்டிப்பார்ப்பவர்கள்தான் காயப்படுகிறார்கள். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் குண்டு குழலில் நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுடும் முன் குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய மருந்தின் எச்சம் உப்புத்தன்மை கொண்டது, ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவாக்கும். அன்றே வெந்நீரால் கழுவி உலர்த்தி எண்ணெய் இட வேண்டும்.

வேறு வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, ஊசி நடுவில் அடிக்கும்படி பின்புறப் பாகத்தைத் தனியே செய்வித்து, துப்பாக்கியை சென்டர்ஃபயராக மாற்றுவது. ஸ்பென்ஸருக்கும் வெட்டர்லிக்கும் இது நெடுநாள் வழக்கம். செய்வதானால் மூலப் பாகத்தில் துளையிட விடாமல், மாற்றுப் பாகம் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். மற்றொன்று, கடைந்தெடுத்த உறைக்குள் குண்டில்லாத சிறிய .22 தோட்டாவை ஓரமாக அமர்த்திப் பயன்படுத்துவது. இரண்டுமே தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரின் கையில், கருமருந்தின் மென்மையான அளவுக்குள், அந்நாட்டுச் சட்டத்துக்குள் நடக்க வேண்டியவை. இந்தியாவில் இத்தகைய மாற்றத்துக்கே ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் தேவை.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், 1866 மாடலை மாட்டி வைத்துவிட்டு, அதே வடிவில் இன்று செய்யப்படும் சென்டர்ஃபயர் நகலை வாங்கிச் சுடுங்கள். தோள் உணரும் வேறுபாடு சிறிது, இழப்பதற்கு எதுவுமில்லை.

பச்சை படிந்திருக்கிறது. துடைத்துப் பளபளப்பாக்கலாமா?

உரிமத்துடன் சட்டப்படி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த விடை. வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு பழைய தோட்டாவை பிராசோ போட்டுத் தேய்த்து, அடியில் இருந்த எழுத்தையே காணாமல் செய்துவிட்டேன். பட்டறை மூத்தவர் அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. உலர்ந்த மெல்லிய துணி போதும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பு உண்டு. காற்றுப்புகாத பெட்டியும் சிலிக்கா பையும் வேண்டும். தோல் உறையில் வைத்தால் தோலைப் பதனிட்ட மருந்தே பித்தளையை அரித்துப் பச்சையாக்கும். ஈயத்தின் மேல் பூத்த வெள்ளைப் பொடி நஞ்சு. தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இது எம்டன் சுட்ட குண்டாமே?

1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 10.5 செ.மீ. பீரங்கிகளால். உங்கள் கையில் இருப்பது கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய .22. இந்தக் கேள்வியை ஆண்டுக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்கலாமா?

தோட்டாவை அனுப்பவே முடியாது. நூறாண்டைக் கடந்த துப்பாக்கி, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் சட்டத்தின்படி தொல்பொருளாகலாம். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப இயலாது.

தாத்தாவின் நினைவாக ஒரே ஒரு தோட்டாவையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா?

மனம் புரிகிறது. ஆனால் ஒன்றும் நான்கும் சட்டத்தின் முன் வேறல்ல; சுட்ட வெற்றுக்கூட்டைக்கூட அதிகாரியிடம் காட்டி, எழுத்தில் அனுமதி பெறாமல் வைத்திருக்காதீர்கள். ஒப்படைக்கும் முன் அளவுகோலுடன் அடிப்பாகத்தையும் பக்கவாட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டாக்கள் வந்த அட்டைப்பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தால், அது தோட்டாவும் அல்ல, பாகமும் அல்ல. உறையின் அச்சு, விற்ற கடையின் முத்திரை, பென்சிலில் எழுதிய எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். வண்ணாரப்பேட்டையில் ஒரு குடும்பம் அப்படி ஒரு பெட்டியைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மூடியின் உட்புறத்தில் பெரியவர் தன் கையால் எழுதிவைத்த பால் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது.